சர்வதேச விளையாட்டு விழாவில் தன்னார்வ இசைக்கலைஞராக: விண்ணப்பம் முதல் வீடு திரும்பும் வரை

ஒரு சர்வதேச விளையாட்டு விழாவின் தொடக்க நிகழ்ச்சியில் டிரம் வாசிக்க எனக்கு இரண்டாவது முயற்சியில்தான் இடம் கிடைத்தது. வேறொரு விழாவுக்கான முதல் முயற்சியில், பொதுத் தன்னார்வலர் விண்ணப்பத்தில் இருபது ஆண்டு வாசிப்பு அனுபவத்தை விரிவாக எழுதி அனுப்பினேன். தேர்வானதாகக் கடிதம் வந்தது. ஆனால் எனக்கு ஒதுக்கப்பட்டது வாகன நிறுத்துமிடத்தில் பார்வையாளர்களுக்கு வழிகாட்டும் பணி. அந்தப் பணி சிறியது என்று சொல்லமாட்டேன். பல்லாயிரம் பேர் அதைச் செய்வதால்தான் விழா நடக்கிறது. ஆனாலும் நான் போனது வாசிப்பதற்காக. இரண்டாவது முறை சரியான இடத்தில் விண்ணப்பித்துத் தேர்வான பிறகும், பெயரில் இருந்த ஒரு சிறு வேறுபாட்டால் நுழைவு அட்டை வர ஏழு நாள் தாமதமாகி, இரண்டு ஒத்திகைகளை இழந்தேன். இரண்டு முறையும் என்னை இடறிவிட்டவை விண்ணப்பமும் ஆவணமும் நாள்கணக்கும்தான். வாசிப்பில் ஒரு குறையும் யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு அந்த அலைச்சல் வரக்கூடாது என்பதற்காகவே, நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. எங்கே விண்ணப்பிப்பது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

தன்னார்வலர் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனி ஏற்பாடுகள் அடங்கியிருக்கின்றன. அவற்றுக்குத் தனித்தனி அலுவலகங்கள், தனித்தனி விண்ணப்பங்கள், தனித்தனிக் காலக்கெடுக்கள் உண்டு. இதை அறியாமல்தான் பலர் ஓராண்டை வீணாக்குகிறார்கள்.

முதலாவது, பொதுத் தன்னார்வலர் திட்டம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சுமார் 70,000 பேரும், 2024 பாரிஸ் ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டுக்குமாகச் சுமார் 45,000 பேரும் பணியாற்றியது இந்தத் திட்டத்தின் கீழ்தான். வழிகாட்டுதல், மொழிபெயர்ப்பு, போக்குவரத்து, மருத்துவ உதவி, அரங்கப் பணிகள் என்பவையே இதில் உள்ள வேலைகள். உங்கள் இசை அனுபவத்தைக் கேட்கும் கட்டம் விண்ணப்பத்தில் இருந்தாலும், அதை வைத்து வாசிக்கும் வாய்ப்புத் தருவார்கள் என்று நம்பிவிடக் கூடாது. பதக்கம் வழங்கும்போது தேசிய கீதம் வாசிக்கலாம் என்று நினைத்து இதில் சேர்ந்த ஒருவரை நான் சந்தித்திருக்கிறேன். அங்கே ஒலிப்பது பெரும்பாலும் பதிவுசெய்யப்பட்ட இசைதான்.

இரண்டாவது, தொடக்க, நிறைவு விழாக்களின் நிகழ்த்துநர் குழு. இதை விழாத் தயாரிப்புக் குழு தனியாக நடத்தும். நேரில் தேர்வு வைத்து ஆள் எடுக்கும். லண்டன் தொடக்க விழாவில் வாளிகளையும் குப்பைத்தொட்டிகளையும் கவிழ்த்துப்போட்டு முழக்கிய சுமார் 1,000 டிரம் கலைஞர்கள் இப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட தன்னார்வலர்களே. பொதுத் திட்டத்துக்கான விண்ணப்பங்கள் அங்கே 2010 செப்டம்பரில் தொடங்கின. விழா நிகழ்த்துநர்களுக்கான தேர்வு நடந்ததோ 2011 நவம்பரில். இடையில் ஓராண்டுக்கும் மேல் இடைவெளி இருந்ததைக் கவனியுங்கள். முதல் அறிவிப்பைத் தவறவிட்டவர்கள் எல்லாம் முடிந்துவிட்டது என்று விலகிவிடுகிறார்கள். இசைக்கலைஞர்களுக்கான அறிவிப்பு அப்போது வந்தே இருக்காது.

மூன்றாவது, விழா நடக்கும் நகரம் நடத்தும் கலை நிகழ்ச்சிகள். பெரிய திரை வைத்த சதுக்கங்கள், ரசிகர் திடல்கள், சுடர் ஓட்டம் கடந்துபோகும் வழிகள் ஆகியவற்றில் உள்ளூர்க் குழுக்களுக்கு இடம் கிடைக்கும். இவற்றுக்கு விண்ணப்பிக்க வேண்டியது பெரும்பாலும் நகர நிர்வாகத்தின் பண்பாட்டுத் துறையிடம். தனிநபரைவிடக் குழுவையே அவர்கள் விரும்புவார்கள். வெளியூர்க்காரருக்கும் நேரம் குறைவாக உள்ளவருக்கும் இதுவே ஏற்றது என்பது என் கருத்து. காரணத்தை அடுத்த படியில் சொல்கிறேன்.

2. கருவியை எடுக்கும் முன் நாட்காட்டியை எடுங்கள்

விழா நிகழ்த்துநர் என்றால் ஒரு மாலை நேர வேலை என்ற எண்ணத்தோடு வருபவர்கள் ஒரு மாதத்துக்குள் நின்றுவிடுகிறார்கள். லண்டன் தொடக்க விழாவுக்கான ஒத்திகைகள் 2012 வசந்த காலத்திலேயே முழு வேகத்தில் தொடங்கி, ஜூலை 27 அன்று நடந்த விழாவரை நீண்டன. ஜூலை 23, 25 ஆகிய இரு நாள்களிலும் பார்வையாளர்களை வைத்தே முழு ஒத்திகை நடந்தது. எனக்கு வந்த அட்டவணையில் 26 ஒத்திகைகள் இருந்தன. முதலில் வார இறுதிகளில் மட்டும் நடந்தவை, கடைசி ஆறு வாரங்களில் வேலைநாள் மாலைகளுக்கும் பரவின. இறுதி வாரத்தில் ஏறக்குறைய தினமும் போக வேண்டியிருந்தது. மூன்று ஒத்திகைகளுக்கு மேல் வராதவரை நீக்கிவிடுவோம் என்று முதல் நாளே எழுத்தில் கொடுத்திருந்தார்கள், சொன்னபடியே செய்யவும் செய்தார்கள். எனக்கு இடமும் வலமும் நின்ற இருவர், இருவருமே என்னைவிட நன்றாக வாசிப்பவர்கள், ஐந்தாவது வாரத்தில் இல்லை.

ஆகவே விண்ணப்பிக்கும் முன் ஒரு தாளில் மூன்று நிரல்கள் போடுங்கள்: ஒத்திகை நாள், போக்குவரத்து உட்பட அன்று செலவாகும் மொத்த மணி நேரம், அந்த நாளில் உங்களுக்கு ஏற்கெனவே உள்ள கடமை. நான்கு மணி நேர ஒத்திகை என்று அறிவித்தால், வருகைப் பதிவு, பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு, திரும்பும் பயணம் எல்லாம் சேர்ந்து எட்டு மணி நேரம் என்றே எழுதுங்கள். பிள்ளைகளின் தேர்வும் குடும்பத்துத் திருமணமும் அந்த நாள்களில் வந்தால், அதை விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. மறைத்துச் சேர்ந்து பின்னர் விடுப்புக் கேட்பவருக்கு இரக்கம் கிடைப்பதில்லை.

வேறு நாட்டில் இருப்பவர்கள் இந்த இடத்தில் நன்றாக யோசிக்க வேண்டும். மூன்று நான்கு மாதங்களுக்குப் பரவிக் கிடக்கும் ஒத்திகைகளுக்காக அந்த நகரத்திலேயே தங்குவது பெரும்பாலானவர்களால் முடியாது. பொதுத் திட்டத்துக்கு அத்தனை நாள் தேவையில்லை. டோக்கியோ 2020, பாரிஸ் 2024 இரண்டிலுமே குறைந்தது 10 நாள் பணியாற்ற வேண்டும் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பாக இருந்தது. ஆனால் வாசிக்க வேண்டும் என்பதே உங்கள் விருப்பமானால், ஒரு குழுவாகச் சேர்ந்து நகரத்தின் கலை நிகழ்ச்சிகளுக்கு விண்ணப்பித்து, ஒரு வாரப் பயணத்தில் முடித்துவிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

3. இலவசமாக வாசிப்பது எதுவரை சரி?

இதைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதால் சற்று அழுத்திச் சொல்கிறேன். ஆயிரம் பேரில் ஒருவராக நின்று, அவர்கள் கற்பிக்கும் தாளத்தை வாசிப்பது தன்னார்வப் பணி. தனி வாசிப்பு, உங்கள் சொந்த இசையமைப்பு, விளம்பரத்தில் உங்கள் குழுவின் பெயர், அல்லது பணம் கட்டி வரும் விருந்தினர் முன் இரண்டு மணி நேரக் கச்சேரி என்று கேட்டால், அது தொழில்முறை வேலை. அதற்கு ஊதியம் கேட்பதில் தயக்கம் வேண்டாம். 2012 விழாவையொட்டித் தொழில்முறைக் கலைஞர்களைச் சம்பளமின்றி வாசிக்க அழைப்பதைப் பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கம் வெளிப்படையாகவே எதிர்த்தது. இசையால் பிழைக்கும் ஒருவரின் இடத்தை நாம் இலவசமாக நிரப்பிவிடக் கூடாது என்ற எண்ணம் எப்போதும் நம் மனத்தில் இருக்க வேண்டும். ஐயம் இருந்தால், "இதே நிகழ்ச்சியில் ஊதியம் பெற்று வாசிப்பவர்கள் இருக்கிறார்களா? அவர்களுக்கும் எங்களுக்கும் பணியில் என்ன வேறுபாடு?" என்று எழுத்தில் கேளுங்கள். நேர்மையான ஏற்பாட்டாளர் பதில் தருவார்.

தேர்வான பின் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் மூன்று செய்திகள் இருக்கும்: உங்கள் உருவத்தையும் வாசிப்பையும் பதிவுசெய்யவும் ஒளிபரப்பவும் உரிமை அளிக்கிறீர்கள்; அதற்காகப் பின்னாளில் பணம் கோரமாட்டீர்கள்; நிகழ்ச்சி விவரங்களை வெளியிடமாட்டீர்கள். கூட்டமாக வாசிப்பதற்கு இவற்றை ஏற்றுக்கொள்ளலாம். உங்கள் சொந்த இசையமைப்பின் உரிமையையும் சேர்த்து எழுதியிருந்தால் அந்தப் பத்தியை நீக்கச் சொல்லுங்கள்.

4. காணொளியும் நேர்முகத் தேர்வும்

காணொளி கேட்டால் இரண்டு நிமிடம் போதும். வெட்டி ஒட்டாமல் ஒரே மூச்சில் பதிவுசெய்யுங்கள்; முகமும் இரு கைகளும் கால்களும் தெரியட்டும்; சீரான தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியின் ஒலி பின்னால் கேட்கட்டும். பாதி நேரம் நின்றும் பாதி நேரம் நடந்துகொண்டும் வாசியுங்கள். உங்கள் திறமையின் உச்சத்தைக் காட்டும் வேகமான பகுதியை அனுப்பத் தோன்றும். அவர்கள் தேடுவது அதையல்ல. தாளம் நகராமல் நிற்கிறதா, உடல் அசையும்போதும் அது நிற்கிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள். பிறர் பாடலின் மேல் வாசித்துப் பதிவுசெய்தால், காப்புரிமைக் காரணமாகக் காணொளியின் ஒலியே தடைப்படலாம்.

நேர்முகத் தேர்வில் நெஞ்சில் எண் ஒட்டிய அறுபது பேரை ஒரே கூடத்தில் நிறுத்தினார்கள். பயிற்றுநர் எட்டுத் தாளச் சுற்றுகளை வாயால் சொல்லிக் கொடுத்தார், கையில் எந்தக் குறிப்பும் தரவில்லை. நான்காவது முறை நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தபோது அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு கூடத்தின் மறுகோடிக்கு நடந்துபோனார். அவர் கையைப் பார்த்து வாசித்தவர்கள் உடனே தடுமாறினார்கள். சுவரோரம் நின்ற இரண்டு உதவியாளர்கள் எண்களைக் குறித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. அன்று எடுபட்டவர்களில் முறையாக இசை படிக்காதவர்களும் இருந்தார்கள். பல ஆண்டு மேடை அனுபவம் உள்ள சிலர் எடுபடவில்லை. காதால் கேட்டு மனத்தில் பதித்துக்கொள்வது, பக்கத்தில் நிற்பவர் தப்பினாலும் தான் தப்பாமல் இருப்பது, சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் நிற்பது ஆகிய மூன்றையும் ஒரு மாதம் முன்பிருந்தே பழகிக்கொள்ளுங்கள்.

5. ஆவணங்கள்

வழக்கமாகக் கேட்பவை இவை: செல்லுபடியாகும் பாஸ்போர்ட் அல்லது தேசிய அடையாள அட்டை, வெள்ளைப் பின்னணியில் புகைப்படம், முகவரிச் சான்று, பின்னணிச் சரிபார்ப்புக்கான ஒப்புதல், சில நாடுகளில் காவல்துறைச் சான்றிதழ், அவசரத் தொடர்பு விவரம், உடல்நலம் பற்றிய உறுதிமொழி. பதினெட்டு வயது நிறையாதவர்களைப் பொதுத் திட்டங்களில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. விழா நிகழ்ச்சிகளில் சேர்த்தால் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் கட்டாயம்.

என் தாமதத்துக்குக் காரணம் மிக எளியது. பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுமையாக இருந்தது. விண்ணப்பத்தில் பழக்கத்தால் தலைப்பெழுத்தை மட்டும் எழுதியிருந்தேன். மனிதர் பார்த்தால் ஒரே ஆள் என்று புரிந்துவிடும். ஆனால் பாதுகாப்புச் சரிபார்ப்பைச் செய்வது கணினி. அது இருவர் என்று எடுத்துக்கொண்டது. திருத்தக் கோரிக்கை அனுப்பி, புதிய படிவம் நிரப்பி, மீண்டும் வரிசையில் நின்றேன். எனவே முதல் விண்ணப்பத்திலிருந்து கடைசி வரை, பாஸ்போர்ட்டின் கீழே இரண்டு வரிகளில் அச்சிட்டிருக்கும் எழுத்துக்கூட்டல் எதுவோ அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். விமான டிக்கெட்டிலும், காப்பீட்டிலும், பணியிட விடுப்புக் கடிதத்திலும் அதுவே இருக்கட்டும்.

பாஸ்போர்ட் காலாவதியாக விழா முடியும் நாளிலிருந்து ஆறு மாதமாவது இருக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டியிருந்தால் விண்ணப்பிப்பதற்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். நடுவில் பாஸ்போர்ட் எண் மாறினால் சரிபார்ப்பு முதலிலிருந்து தொடங்கும். மாறாக, காவல்துறைச் சான்றிதழுக்கு அவசரப்பட வேண்டாம்: குறிப்பிட்ட மாதங்களுக்குள் பெற்றதாக இருக்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்பார்கள், சீக்கிரம் வாங்கியது செல்லாமல் போய்விடும்.

6. விசா

தன்னார்வலர் தேர்வுக் கடிதம் விசா ஆகாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஏற்பாட்டுக் குழு கடிதம் தரும். விசாவுக்கு விண்ணப்பிப்பதும் கட்டணம் கட்டுவதும் உங்கள் பொறுப்பு.

ஊதியமில்லாப் பணியையும் சில நாடுகள் வேலையாகவே கருதும் என்பதால், சுற்றுலா விசாவில் போய் வாசித்துவிடலாம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். 2028 ஒலிம்பிக் லாஸ் ஏஞ்சலஸில் நடக்கிறது. ஊதியம் பெறாத அமெச்சூர் கலைஞர்கள் இசை, விளையாட்டு நிகழ்ச்சிகளில் பங்கேற்பதை அமெரிக்காவின் பி-2 வருகையாளர் விசா அனுமதிக்கிறது. ஆனால் அங்கே சிறு அன்பளிப்புத் தொகை வாங்கினாலும் நிலைமை மாறிவிடும். 2030 குளிர்கால ஒலிம்பிக் பிரெஞ்சு ஆல்ப்ஸ் பகுதியில் நடக்கிறது. பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது, குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு வேண்டும், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். விழாக் காலத்தில் நேர்காணல் நாள் கிடைப்பதே அரிதாகும் என்பதால், அனுமதிக்கப்பட்ட முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். தேர்வுக் கடிதத்தில் பணியின் தன்மை, நாள்கள், ஊதியம் இல்லை என்ற வரி ஆகிய மூன்றும் தெளிவாக இல்லாவிட்டால், திருத்திய கடிதம் கேட்டு வாங்குங்கள்.

7. கருவியை எல்லை தாண்டிக் கொண்டுபோவது

முதலில் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்: கருவி அவர்களே தருகிறார்களா? பெரிய விழாக்களில் எல்லோருடைய கருவியும் ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டும் என்பதால் அவர்களே தருவது வழக்கம். அப்படியானால் பயிற்சிக்கான குச்சிகளும் ரப்பர் பலகையும் மட்டும் போதும். பாதித் தலைவலி தீர்ந்தது.

உங்கள் கருவியையே கொண்டுபோக வேண்டுமானால், அது எதனால் செய்யப்பட்டது என்பதை அறிந்துகொள்ளுங்கள். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கை பழைய கருவிகளைப் பாதிக்கும். யானைத் தந்தம், கடலாமை ஓடு, பிரேசில் ரோஸ்வுட் ஆகியவை வில்லிலோ கிட்டாரிலோ சிறு துண்டாக இருந்தாலும் சான்று இல்லாமல் எல்லையில் பறிமுதல் ஆகலாம். மற்ற ரோஸ்வுட் வகைகளாலும், கிளாரினெட் செய்யப் பயன்படும் ஆப்பிரிக்கக் கருமரத்தாலும் ஆன முழுமையடைந்த கருவிகளுக்கு 2019 நவம்பர் 26 முதல் விலக்கு உண்டு. சான்று தேவைப்படுபவர்களுக்கு மூன்று ஆண்டு வரை செல்லும் இசைக்கருவிச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. உங்கள் நாட்டின் வனவிலங்கு வணிக அதிகாரியிடம் பல மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். அதைப் பெறுவதோடு வேலை முடிவதில்லை: ஒவ்வொரு எல்லையிலும் முத்திரை வாங்க வேண்டும். ஆங்கிலக் கையேடுகளைப் படித்து முடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. கடைசியில் யானைத் தந்தத்தாலான முனை கொண்ட பழைய குச்சிகளை வீட்டிலேயே விட்டுவிட்டேன். பயணத்துக்கு எளிய நவீனக் கருவி ஒன்றை எடுத்துக்கொள்வதே உங்களுக்கும் என் பரிந்துரை.

தோல் கட்டிய கருவிகளுக்கு இன்னொரு கவனம் தேவை. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் மரத்தாலும் விலங்குத் தோலாலும் ஆன பொருள்களை வருகை அட்டையில் அறிவித்தே ஆக வேண்டும். 2032 ஒலிம்பிக் பிரிஸ்பேனில் நடக்கவிருப்பதால் இதை இப்போதே நினைவில் வையுங்கள். முடி நீக்காத தோலையோ பூச்சி அரித்த மரத்தையோ உள்ளே விடமாட்டார்கள். மறைத்தால் அபராதம், அறிவித்தால் பெரும்பாலும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

ஒருவர் கையில் கொண்டுபோகும் ஒரு கருவி பொதுவாகப் பயண உடைமையாகவே கருதப்படும். குழுவாகப் பல கருவிகளும் ஒலிபெருக்கிகளும் கொண்டுபோனால் சுங்கம் வரியோ பிணைத்தொகையோ கேட்கலாம். அதற்குத்தான் ஏடிஏ கார்னே என்ற தற்காலிக இறக்குமதி ஆவணம்; வணிகச் சங்கங்கள் வழங்கும், ஓராண்டு வரை செல்லும், பொருளின் மதிப்பில் ஒரு பகுதிக்குப் பிணை வைக்க வேண்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் திரும்பி வந்தாக வேண்டும், உடைந்த கருவியைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தால் பிணை போய்விடும்.

விமான நிறுவனத்திடம் கருவியின் நீள அகல உயரத்தை எழுதி அனுப்பி, கைப்பையாக ஏற்பதாகப் பதில் வாங்கி அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விமான நிறுவனங்கள் சிறிய கருவிகளை, ஏறும் நேரத்தில் மேலே இடமிருந்தால், கைப்பையாக அனுமதிக்க வேண்டும் என்று 2015 முதல் விதி இருக்கிறது. இடம் நிறைந்துவிட்டால் அந்த விதி உதவாது, ஆகவே முதலிலேயே ஏறும் பிரிவில் டிக்கெட் எடுங்கள். உதிரி லித்தியம் மின்கலங்களைச் சரக்கில் வைக்கவே கூடாது. 100 வாட்-மணி வரையுள்ளவை கைப்பையில் போகலாம். நரம்புக் கருவிகளில் நரம்பைச் சற்றுத் தளர்த்தியும், டிரம் தோலைச் சற்று இறக்கியும் வையுங்கள்.

8. செலவு

விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. பதிவுக் கட்டணம், சீருடை முன்பணம், இட ஒதுக்கீட்டுத் தொகை என்று யாராவது கேட்டால் அது மோசடி என்றே கொள்ளுங்கள். இசைக் குழுக்களை விழா நடக்கும் நகரத்துக்கு அழைத்துப்போகும் பயண நிறுவனங்கள் கட்டணம் வாங்குவது வேறு விஷயம். ஆனால் அவர்கள் காட்டும் மேடை அதிகாரபூர்வ நிகழ்ச்சியில் சேர்ந்ததுதானா என்பதை நகர நிர்வாகத்திடமே எழுதிக் கேட்டு உறுதிசெய்த பிறகே பணம் கட்டுங்கள்.

ஏற்பாட்டாளர் வழக்கமாகத் தருபவை சீருடை, பணிநேர உணவு, உள்ளூர்ப் போக்குவரத்து. டோக்கியோவில் போக்குவரத்துக்காக நாளொன்றுக்கு 1,000 யென் கொடுத்தார்கள். பாரிஸில் தங்குமிடம் தன்னார்வலரின் சொந்தப் பொறுப்பாகவே இருந்தது. ஆகவே உங்கள் கணக்கில் மிகப் பெரிய தொகை அறை வாடகைதான். விழா நாள்களில் வாடகை பலமடங்கு ஏறும் என்பதால், தேர்வு முடிவு வரும் முன்பே, இலவசமாக ரத்துசெய்யக்கூடிய அறை ஒன்றைப் பதிவுசெய்து வையுங்கள். விமானப் பயணம், விசா, காப்பீடு, கருவிக்கான கூடுதல் சுமைக் கட்டணம், வேலையில் இழக்கும் சம்பளம் ஆகியவற்றையும் எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். என் கணக்கில் அதுதான் இரண்டாவது பெரிய தொகை.

கருவிக்கான காப்பீட்டில் மூன்று விலக்குகளைத் தேடிப் படியுங்கள்: திறந்தவெளியில் நனைந்து கெடுவது, வாகனத்தில் ஆளில்லாமல் வைத்தபோது களவு போவது, வெளிநாட்டில் ஏற்படும் சேதம். விழாவில் மூன்றுமே நடக்கக்கூடியவை.

9. ஒத்திகைத் திடலில்

அரங்கின் இரு கோடிகளுக்கு இடையே 170 மீட்டர் இருந்தால், ஒலி அதைக் கடக்க அரை வினாடி ஆகும். நிமிடத்துக்கு 120 தாள அடிகள் என்ற வேகத்தில் அரை வினாடி என்பது சரியாக ஒரு தாள அடி. எதிர்ப்புறத்து ஒலியைக் கேட்டு வாசிப்பவர் முழுதாக ஒரு தாள அடி பின்தங்கியே வாசிப்பார். அதனால்தான் எல்லோர் காதிலும் சிறு கருவி பொருத்தி, அதில் தாளக் குறியைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். முதல் வாரம் அது பெரும் வேதனை: காதில் ஒரு தாளம், நெஞ்சில் மோதும் முழக்கம் இன்னொரு தாளம். நெஞ்சை நம்பாமல் காதை நம்பிப் பழகுங்கள். வீட்டிலேயே ஒரு காதில் மெட்ரோனோமும் அறையில் வேறு பாட்டுமாக வைத்து வாசித்துப் பழகியது எனக்குப் பெரிதும் உதவியது.

பல நேரங்களில் பார்வையாளர் கேட்பது உங்கள் வாசிப்பாகவே இருக்காது என்பதையும் மனத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள். மழை, காற்று, ஒலித் தாமதம் ஆகியவற்றுக்கு அஞ்சி, முன்பே பதிவுசெய்த இசையையே ஒலிக்கவிடுவார்கள். 2000 சிட்னி தொடக்க விழாவில் சிட்னி சிம்பொனி இசைக்குழுவே முன்பே பதிவுசெய்த இசைக்கு ஏற்ப வாசிப்பதுபோல் நடித்தது. இதில் ஏமாற்றம் அடைந்து நின்றுவிட்டவர்கள் உண்டு. உங்களுக்கு இது உறுத்தும் என்றால் நகரத்தின் கலை நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுங்கள். அங்கே வாசிப்பதுதான் கேட்கும்.

காதுகளைக் காத்துக்கொள்ளுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் பாதுகாப்பு எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். நூறு டிரம்கள் சூழ நிற்பவர் அந்த எல்லையை முதல் சுற்றிலேயே கடந்துவிடுவார். அவர்கள் ஒரு காதுக்குத்தான் கருவி தருவார்கள்; மறு காதுக்கு இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பானை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். தோளில் மாட்டும் டிரம், அதைத் தாங்கும் பட்டைகளுடன் சேர்ந்து எட்டுப் பத்துக் கிலோ வரும், ஆகவே ஒரு மாதம் முன்பே எடையோடு நடக்கத் தொடங்குங்கள். மரக் கிளாரினெட் மழையிலும் குளிரிலும் விரிசல் விடும். திறந்தவெளிக்குப் பிளாஸ்டிக் கருவி போதும்.

விளையாட்டரங்குக்குள் விளம்பரத்துக்கு ஒலிம்பிக் சாசனத்தின் 50-ஆம் விதி இடம் தருவதில்லை என்பதால், கருவியின் மேலுள்ள நிறுவனப் பெயரைக் கறுப்பு நாடாவால் மறைக்கச் சொல்வார்கள். பிசின் தங்காத நாடாவாகப் பார்த்து வாங்குங்கள், என் டிரம்மில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. ஒத்திகையில் படம் எடுக்காதீர்கள், வீட்டாரிடம்கூட நிகழ்ச்சியை விவரிக்காதீர்கள். லண்டன் விழா இயக்குநர் டேனி பாயில் ஆச்சரியத்தைக் காப்பாற்றுங்கள் என்று தன்னார்வலர்களிடமும் ஒத்திகைப் பார்வையாளர்களிடமும் கேட்டுக்கொண்டார். பெரும்பாலானவர்கள் அதைக் காப்பாற்றவும் செய்தார்கள்.

10. விழா நாளும் அதற்குப் பிறகும்

மேடையில் இருப்பது பத்து நிமிடம் என்றால் காத்திருப்பது எட்டு மணி நேரம். குடிநீர், மாற்றுக் காலுறை, மழைக்கோட்டு, வாடிக்கையான மருந்து, கூடுதலாக ஒரு ஜோடிக் குச்சி அல்லது கிளாரினெட் போன்ற கருவிகளின் வாயில் பொருத்தும் நாணல், நுழைவு அட்டை ஆகியவற்றை ஒளிபுகும் பையில் வையுங்கள். அட்டையை யாருக்கும் கொடுக்கவோ படமெடுத்து வெளியிடவோ கூடாது, பட்டைக்கோட்டை நகலெடுத்துவிடுவார்கள்.

நிகழ்ச்சி முடிந்த அன்றே மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள்: காதுக்கருவியையும் இரவல் கருவியையும் திருப்பிக் கொடுத்து ரசீது பெறுவது, பங்கேற்புச் சான்றிதழ் எந்த முகவரிக்கு வரும் என்று உறுதிசெய்வது, திரும்பக் கிடைக்கவேண்டிய பயணச் செலவுக்கான படிவத்தைக் கொடுப்பது. தயாரிப்புக் குழு சில வாரங்களில் கலைந்துவிடும், பிறகு கடிதம் எழுதினால் பதில் சொல்ல ஆள் இருக்காது. கார்னேயோ சைட்ஸ் சான்றோ வைத்திருப்பவர்கள் திரும்பும்போது விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக முன்னதாகப் போய், பெட்டியைச் சரக்கில் சேர்ப்பதற்கு முன்பே சுங்க அதிகாரியிடம் கருவியைக் காட்டி வெளியேறும் முத்திரையை வாங்கிவிட வேண்டும். பெட்டி உள்ளே போன பிறகு அந்த முத்திரை கிடைக்காது.